நடுங்காத கோடு

பால்துரை இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் செம்பருந்தின் இடது இறக்கை சரியில்லை என்று அவர் தமயந்தியிடம் மறுபடியும் சொன்னார்.

"அந்த எறக்கையப் பாரும்மா. கோடு அங்கங்க பெசகுது. என் கோடு பெசகாது."

மேசை விளக்குக்குப் பக்கத்தில் இருந்த சிறிய பெட்டியிலிருந்து வந்தது குரல். அவசரமே இல்லாத பாளையங்கோட்டைப் பேச்சு. தமயந்தி தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு, எந்த இறகு என்று கேட்டாள். குறிப்பாக எதுவும் இல்லை, மொத்தமாகவே சரியில்லை என்றது பெட்டி. நேற்று வரைந்து காட்டியது இதைவிடத் தேவலை என்றும் சொன்னது. நேற்று கேட்டபோது முந்தாநாள் வரைந்ததைத்தான் தேவலை என்றிருந்தது.

அதில் இருந்தது பால்துரை இல்லை, அவருடைய நிகர். மறைந்துபோன ஓவியர்களின் பாணியில் இயந்திரங்கள் மூட்டை மூட்டையாகப் படம் செய்து தள்ளிய ஒரு காலம் இருந்தது. செத்தவர்கள் உயிரோடு இருந்தபோது வரைந்ததைவிட அதிகமாக வரைந்துகொண்டிருந்தார்கள். ஓவியர்கள் கொதித்துப்போய் ஊர் ஊராக மறியல் செய்தார்கள். கல்லூரி முடித்த கையோடு தமயந்தியும் மதுரை ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் வெயிலில் உட்கார்ந்தவள்தான். கடைசியில் சட்டம் வந்தது. மறைந்த ஓவியர் ஒருவரின் சாயலில் எதை வெளியிட்டாலும் அவருடைய இசைவு வேண்டும். இறந்தவரிடம் எப்படி இசைவு கேட்பது? அதற்குத்தான் நிகர். அவர் வெளியிட்ட படங்கள், கொடுத்த பேட்டிகள், வீட்டில் எடுத்த காணொளிகள் என்று கிடைத்ததையெல்லாம் ஊட்டி, அவரைப் போலவே பார்க்கவும் பேசவும் ஒன்றைப் பழக்கிவிடுவார்கள். சென்னையிலுள்ள இசைவு வாரியம் அதைப் பார்த்துக்கொள்ளும். விண்ணப்பம் போட்டவர் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். குடும்பத்தாரும் விரும்பினால் ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.

இயந்திரங்களைத் தடுக்க வந்த சட்டம் கையால் வரைகிறவர்களின் கழுத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்று அன்றைக்கு வெயிலில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

செம்பருந்து தமிழில் அதிக நாள் ஓடிய படக்கதைகளில் ஒன்று. பகலில் வீடு வீடாக மின்மீட்டர் பார்க்கும் ஒரு ஆள், ஆபத்து என்றால் இரும்பு இறக்கைகளை மாட்டிக்கொண்டு பறப்பான். ஊரிலுள்ள எல்லா மொட்டைமாடியும் அவனுக்கு அத்துப்படி. பத்திரிகை மதுரை சிம்மக்கல்லில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்து வந்துகொண்டிருந்தது. அதன் நானூறாவது இதழுக்கு, பல வருடங்களுக்குப் பிறகு, முழுக்க முழுக்கக் கையால் வரைந்த அட்டை வேண்டும் என்று வாசகர்கள் கேட்டார்கள். ஆசிரியர் உமாபதி அந்த வேலையைத் தமயந்தியிடம் கொடுத்தார்.

அவள் மனதில் படம் உடனே வந்துவிட்டது. மழை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இருந்து செம்பருந்து எழும்புகிறான். கீழே நகரத்துக் கட்டடங்கள் எல்லாம் அந்தக் காலத்து ஓவியர் சங்கிலி வரைவாரே, அந்தப் பாணியில் முரட்டுக் கட்டங்களாக இருக்க வேண்டும். செம்பருந்தை முதன்முதலில் வரைந்தவர் சங்கிலி. மேலே பறக்கும் உருவமும் இறக்கையும் பால்துரையின் கையில் வர வேண்டும். சங்கிலிக்குப் பிறகு வந்து, அவனை உண்மையிலேயே பறக்க வைத்தவர் பால்துரை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வணக்கம்.

சங்கிலியின் நிகர் எல்லாவற்றுக்கும் சரி என்றது. பாவம், அந்த மனிதரின் குரல் எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. அதனால் அவருடைய பெட்டிக்கு "சரி" என்பதைத் தவிர அதிகம் பேச வராது. பால்துரை அப்படியில்லை. நிறையப் பேட்டி கொடுத்தவர். நல்ல ரசனைக்காரர், மென்மையாகப் பேசுவார், குடும்பத்தை விசாரிப்பார், காபி சாப்பிட்டாயா என்று கேட்பார். அதன் பிறகு இறக்கை சரியில்லை என்பார்.

தமயந்தி ஒருநாள் பொறுமை இழந்து ஒரு காரியம் செய்தாள். பால்துரையின் அட்டைகளிலேயே பெயர்பெற்றது மழை அட்டை. செம்பருந்து மழையில் நனைந்தபடி தொட்டிமேல் குந்தியிருக்கும் படம். அதைக் கண்ணாடி மேசையில் போட்டு, கீழே விளக்கைப் போட்டு, இடது இறக்கையை ஒரு மயிரிழை பிசகாமல் நகலெடுத்தாள். மறுநாள் அதைப் பெட்டியின் கேமராவுக்குக் காட்டினாள்.

நிகர் கொஞ்சம் யோசித்தது.

"கிட்ட வந்துட்டியேம்மா. ஆனா கை தெரியுது."

"கையால வரைஞ்சா கை தெரியாதா ஐயா?"

"என் அட்டைல தெரியுதா, பாரு."

அவள் மழை அட்டையை எடுத்துப் பார்த்தாள். தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அவள் சின்ன வயதில் அந்த அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். அப்பா பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கிவந்த இதழ் அது. அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் கோடு போடவே கற்றாள். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாத கோடுகள். இப்படி ஒரு மனிதனுக்கு வருமா என்று அப்போது மலைத்ததுண்டு. இப்போது எரிச்சல்தான் வந்தது.

வாரியத்துக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த அலுவலர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிகரின் முடிவே இறுதியானது என்றார். நிகர் தப்பாகச் சொன்னால்? நிகர் தப்பாகச் சொல்லாது, ஏனென்றால் அவருடைய கருத்து எதுவோ அதுதான் சரி, அவர்தானே ஓவியர் என்றார். அவர் செத்துவிட்டாரே என்று தமயந்தி சொன்னதற்கு, அதனால்தானேம்மா நிகர் என்று அவர் பதில் சொன்னார். வேறு வழியே இல்லையா என்று கேட்டபோது மட்டும் ஒரு வழி சொன்னார். நிகருக்கு ஊட்டப்படாத மூலப் படங்கள் குடும்பத்தாரிடம் இருந்து, அவர்கள் எழுதிக் கொடுத்தால், நிகரை மறுபடியும் பழக்கலாம். பழக்கிய பிறகு அதன் கருத்து மாறக்கூடும்.

உமாபதிக்கு இதில் நம்பிக்கை இல்லை. அச்சுக்குக் கொடுக்க நாள் நெருங்குகிறது, பால்துரையை விட்டுவிட்டு உங்கள் பாணியில் ஒன்று வரைந்துகொடுத்துவிடுங்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார். தமயந்தி அவரை முறைத்தாள்.

"என் பாணின்னு என்ன சார் இருக்கு? அவரைப் பாத்து வந்ததுதான் அது. அவரை எடுத்துட்டு நான் எங்க போய் வரையறது?"

உமாபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பால்துரையின் மகள் ஹெலன் பாளையங்கோட்டையில் தனியாக இருப்பதாகச் சொல்லி முகவரியைக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலையிலேயே தமயந்தி பஸ் ஏறிவிட்டாள். வழி நெடுக, நிகரிடம் சொல்ல முடியாமல் போன பதில்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

ஹெலனுக்கு அறுபது வயதிருக்கும். செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். சர்ச்சுக்குப் பின்புறம் சின்ன வீடு. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து, "யாரு பிள்ள வந்திருக்கது?" என்று கேட்டது அதே குரல். கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி. மதுரையில் இருந்து வரைகிற பிள்ளை வந்திருப்பதாக ஹெலன் சொன்னாள். அப்படியா, சாப்பிடச் சொல்லு, பஸ்ஸில் வந்திருக்கும் என்றது குரல். ஹெலன் சிரித்தபடி காபி கொண்டுவந்தாள். தினமும் இப்படித்தானாம். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம்.

தமயந்தி வந்த விஷயத்தைச் சொன்னாள். மூலப் படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும் ஹெலனின் முகம் மாறியது. அவள் எழுந்து, தமயந்தியை உள்ளே வரும்படி கண்ணைக் காட்டினாள். உள்ளறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

சுவர் முழுக்கப் படங்கள். ஒளித்து வைத்தது எதுவுமில்லை. காலண்டர், கடிகாரம், இயேசு படம் இவற்றுக்கு நடுவே ஒழுங்காகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. எல்லாம் செம்பருந்து. தமயந்திக்கு முதலில் ஏதோ குழந்தை பார்த்து வரைந்த மாதிரி இருந்தது. மழை அட்டையும் அதில் இருந்தது. அதே தொட்டி, அதே குந்தல், அதே சாய்வு. ஆனால் ஒவ்வொரு கோடும் நடுங்கியிருந்தது.

"யாருக்கா இது வரைஞ்சது?"

"அப்பாதான்."

ஹெலன் கட்டிலில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். கடைசிப் பத்து வருடங்கள் பால்துரைக்குக் கைநடுக்கம். முதலில் வலது கட்டைவிரலில் தொடங்கியது, பிறகு தோள் வரை போனது. சட்டை பட்டன் போட முடியாது. ஆனால் அட்டை வரைவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு இறக்கைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். வரைந்து மதுரைக்கு அனுப்புவார். அப்போதிருந்த ஆசிரியர், உமாபதிக்கு முன்னால் இருந்தவர், மோசமான ஆள் இல்லை. பால்துரையை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை, இந்தக் கோட்டை அச்சிடவும் தைரியம் வரவில்லை. அதனால் படத்தை ஒரு இயந்திரத்தில் கொடுப்பார். பால்துரையின் பழைய படங்களைப் பார்த்து, அவர் நன்றாக இருந்த காலத்துக் கை மாதிரியே அது கோடுகளைப் புதிதாகப் போட்டுத் தரும். அதுதான் அச்சானது. மூலம் திரும்பி வீட்டுக்கு வரும். எல்லோரும் கொண்டாடியது அந்த வருடங்களில் வந்த அட்டைகளைத்தான்.

தமயந்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரமானது. பதின்மூன்று வயதில் அவளை மயக்கிய கோட்டை யாரும் வரையவில்லை. கையே படாத கோட்டைப் பார்த்து அவள் தன் கையைப் பழக்கியிருக்கிறாள். இருபது வருடமாக, கை தெரியாமல் வரைவதுதான் திறமை என்று உழைத்திருக்கிறாள். வாரியம் அந்த அட்டைகளைத்தான் நிகருக்கு ஊட்டியிருக்கிறது. அதனால்தான் அதற்குக் கை என்றால் குற்றமாகத் தெரிகிறது.

"ஐயா ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

சொன்னார், நிறையச் சொன்னார் என்றாள் ஹெலன். முதல் இதழ் வந்தபோது அதைத் தூக்கி எறிந்தார். பிறகு மகளைத் திட்டினார், காபி டம்ளரை எறிந்தார், சாப்பிட மாட்டேன் என்றார். ஆனால் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த படம் கேட்க மாட்டார்களே என்ற பயம். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வந்து அந்தக் கோபத்தையெல்லாம் தாங்கியவள் ஹெலன்தான். கல்யாணமும் தள்ளித் தள்ளிப் போய் அப்படியே நின்றுவிட்டது. இதை அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்தது இது என்கிற மாதிரிச் சொன்னாள்.

தமயந்தி சுவரருகே போய் நின்றாள். கிட்டத்தில் பார்த்தபோது குழந்தை வரைந்தது இல்லை என்று தெரிந்தது. நடுக்கத்தை அவர் மறைக்கப் பார்க்கவில்லை. ஒவ்வொரு இறகும் தொடங்கும், தடம் மாறும், விழப்போகும், மறுபடி பிடித்துக்கொள்ளும். பக்கத்து இறகும் அப்படியே. மொத்தமாகத் தள்ளி நின்று பார்த்தால் இறக்கை அடித்துக்கொண்டிருந்தது. அச்சில் வந்த செம்பருந்து மழையில் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பான். இவனுக்குக் குளிர்ந்தது. இன்னும் ஒரு நொடியில் எழும்பிவிடுவான் போல இருந்தான்.

"அக்கா, இத வாரியத்துக்குக் குடுத்துருங்க. ஒரு கையெழுத்துதான். நிகரைத் திருப்பிப் பழக்கிருவாங்க. அப்புறம் அதுக்கு இந்தக் கோடு தெரியும். உலகத்துக்கும் தெரியும், கடைசி வரைக்கும் அவர் கையாலதான் வரைஞ்சாருன்னு."

ஹெலன் உடனே தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்மா."

ஏன் என்று தமயந்தி கேட்டாள். அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. படத்தை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள் ஹெலன். விசாரித்துவிட்டாள் அவள், எப்போதோ. அந்த வருடங்களைச் சேர்ப்பதென்றால் எல்லாவற்றையும் சேர்ப்பார்கள். மருத்துவமனைப் பதிவுகள், அப்போது எடுத்த காணொளிகள், அந்தக் குரல், அந்தக் கோபம். கூடத்தில் இருக்கிறவர் மாறிவிடுவார்.

"இவுக என்னைய ஏசமாட்டாவ. சாப்பிட்டியான்னு கேப்பாவ. அப்பா கடைசில என் பேரச் சொல்லிக்கூடக் கூப்பிடல பாத்துக்கிடுங்க. 'ஏ நர்ஸு'ம்பாவ."

"அப்ப உங்க அப்பாவை விட இந்தப் பெட்டிதான் உங்களுக்கு வேணுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தமயந்திக்கு உறைத்தது. ஹெலன் கோபப்படவில்லை.

"ஆமா," என்றாள். "அப்பாவ நான் பாத்தாச்சு."

தமயந்தி மன்னிப்புக் கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, படம் மட்டும் பிடிக்க வேண்டாம், வெளியே யாரிடமும் சொல்லவும் வேண்டாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள் என்றாள் ஹெலன். தமயந்தி அந்த அறையில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது கூடத்துப் பெட்டி, இறக்கையைச் சரி பண்ணியாச்சா என்று கேட்டது. அவள் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மதுரைக்கு வந்ததும் பழைய தாள்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். நடுக்கத்தை வரைவது அவள் நினைத்த மாதிரி இல்லை. கையை வேண்டுமென்றே ஆட்டினால் கோடு நெளிந்தது, நடுங்கவில்லை. பார்க்கவே பொய்யாக இருந்தது. நோயாளியைக் கிண்டல் செய்கிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் அப்படியே வீணாயிற்று. கிழித்துப் போட்ட தாள்கள் அறைக்குள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. நன்றாக வரையத் தெரிந்த கை இப்போது பெரிய இடைஞ்சலாகிவிட்டது. எங்கே விட்டாலும் அது தானாகவே போய் அந்த வழுவழுப்பான கோட்டைப் போட்டுவிட்டு வந்தது.

கடைசியில் தாளைத் தரையில் விரித்தாள். தூரிகைக் காம்பின் கடைக்கோடியைப் பிடித்து, இடது கையால், நின்றபடியே குனிந்து வரைந்தாள். கோடு அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஓடிய கோட்டைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. தப்பியதைத் திருத்தவில்லை. ஒவ்வொரு இறகையும் விழாமல் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வேர்த்துப் போனது. பால்துரை ஏன் ஒரு இறக்கைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார் என்று புரிந்தது. இடுப்பு விட்டுப்போன வலியோடு அவள் எழுந்து நின்று பார்த்தபோது, செம்பருந்து தொட்டியைவிட்டுக் கிளம்பியிருந்தான்.

இது நிச்சயம் மறுக்கப்படும் என்று தெரிந்தேதான் பெட்டியின் முன்னால் வைத்தாள். சண்டை போடத் தயாராக இருந்தாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனதில் வைத்திருந்தாள்.

நிகர் படத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தது.

"கீழ ஊரு சங்கிலியண்ணன் மாதிரி இருக்கு. மேல இது யாரு வரைஞ்சது?"

"நான்தான் ஐயா."

"சரி. இத எதுக்கும்மா என்னட்ட கேக்கிய? இதுல என் சாயலே இல்லியே."

தமயந்திக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது, நடுங்கிய கோட்டை அது பார்த்ததே இல்லை.

"இது உங்க கோடுதான் ஐயா. உங்களைப் பாத்துத்தான் வரைஞ்சேன்."

"இல்லம்மா. இது வேற யாரோ."

அன்று மதியமே வாரியத்திலிருந்து சான்று வந்துவிட்டது. இந்தப் படத்துக்கும் மறைந்த ஓவியர் பால்துரைக்கும் தொடர்பில்லை, எனவே அவருடைய இசைவு தேவையில்லை, தாராளமாக வெளியிடலாம். உமாபதி போனில் சந்தோஷத்தில் சத்தமாகப் பேசினார். தமயந்தி வாரியத்தைக் கூப்பிட்டாள். அதே அலுவலர்தான் எடுத்தார். தொடர்பு இருக்கிறது என்று அவள் சொன்னாள். இவ்வளவு நாளாக அனுமதி கேட்டு அலைந்தவள், அனுமதியே வேண்டாம் என்றால் ஏன் வருத்தப்படுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் தன் படம் இன்னொருவருடைய நகல் என்று நிரூபிக்கக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். நிரூபிக்க வேண்டுமென்றால் மூலப் படங்கள் வேண்டும், குடும்பத்தார் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார்.

உள்ளே, பால்துரையின் நினைவாக என்று ஒரு வரியாவது போடலாமே என்று உமாபதியிடம் கேட்டாள். அவர் வக்கீலிடம் கேட்டுவிட்டு வந்து கையை விரித்தார். தொடர்பில்லை என்று வாரியமே சான்று கொடுத்த படத்தில் அவர் பெயரைப் போட்டால், இசைவில்லாமல் மறைந்தவர் பெயரைப் பயன்படுத்திய குற்றம். சங்கிலிக்கு நன்றி என்று போடலாம். அவர் சரி சொல்லியிருக்கிறார்.

ஹெலன் வீட்டில் பார்த்ததை உமாபதியிடம் சொல்லிவிடலாமா என்று தமயந்திக்கு வாய்வரை வந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தை சிம்மக்கல்லோடு நிற்காது. சாயங்காலம் ஜெபம் முடிந்து கூடத்தில் வந்து உட்காரும் ஹெலனின் வீட்டு வாசல் வரை போகும். வாயை மூடிக்கொண்டாள். செய்ய முடிந்தது ஒன்றுதான். அட்டையில் வழக்கமாக ஓவியர் கையெழுத்துப் போடும் வலது மூலையை வெறுமையாக விட்டாள். மறந்துவிட்டீர்களே என்று அச்சகத்திலிருந்து கேட்டார்கள். மறக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

இதழ் வந்தது. வாசகர்களுக்கு முதலில் திகைப்பு, பிறகு ஒரே பாராட்டு. தமயந்தி ஒருவழியாகப் பால்துரையின் நிழலிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று ஒருவர் எழுதினார். முன்னோர்கள் யாருடைய சாயலும் இல்லாத, முழுக்க முழுக்கச் சொந்தக் கை என்று இன்னொருவர். உமாபதி ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினார். அவள் கேட்கப் பிடிக்காமல் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டாள். கீழே ஜவுளிக்கடையில் யாரோ புடவையை உதறி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு அந்த இறக்கைச் சண்டையே பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. திட்டவாவது ஆள் இருந்தது.

சில நாள் கழித்து ஹெலன் போன் செய்தாள்.

இதழ் வந்து சேர்ந்ததாகச் சொன்னாள். அட்டையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாளாம். தபால்காரர் என்னம்மா என்று கேட்டாராம். தமயந்திக்குப் பயமாக இருந்தது. அக்கா, கோபமா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஹெலன்.

"அப்பாட்ட காட்டினேன்," என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் பாத்தாவ. பொறவு சொன்னாவ, 'யாரு பிள்ள இது, கை நடுங்குதே பாவம். ஆனா பறக்கான் பாரு'ன்னு."



"நீங்க சொல்லலையாக்கா, யாருன்னு?"

"சொல்லல."

போனில் சர்ச் மணி கேட்டது. ஜெபம் முடிகிற நேரம். ஐயா காத்துக்கொண்டிருப்பாரே, வைக்கட்டுமா என்று தமயந்தி கேட்டாள்.

"இல்ல, இன்னைக்கு அந்தப் பெட்டியப் போடல," என்றாள் ஹெலன். "உள்ரூம்ல வந்து உக்காந்திருக்கேன்."